‘வேன் எங்கே’ என்ற பக்கம்

சர்வர் படுத்துவிட்டால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு சொல் வந்து விழும்: “மாத்தி.” செத்துப்போச்சு என்பதற்கு மலாய். பசாரில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்துகொண்டிருந்தாலும் சரி, நான் கைப்பேசியை எடுத்து ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் யாராவது கட்டைவிரல் படம் போடுவார்கள். ஏன் செத்தது என்று ஒரு ஆள் கேட்டதில்லை. எழுந்துவிட்டதல்லவா, போதும். எங்கள் ஊரில் கார், காற்றாடி, கல்யாணம் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான்: தட்டிப் பார், எழுந்தால் ஓட்டு. அந்தச் சர்வரையும் வருடக்கணக்கில் அப்படித்தான் ஓட்டினோம்.

ஈப்போவில் ஓர் அறவாரியம் நடத்துகிற ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு நான் கணினி வேலை பார்க்கிறவள். சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்துக்கு மூன்று முறை அங்கே வந்து ரத்தம் கழுவிக்கொண்டு போவார்கள். வர முடியாதவர்களை மையத்தின் வேன் போய் அழைத்துவரும். வேன் இப்போது எந்த இடத்தில் வருகிறது என்று காட்ட ஓர் இணையப் பக்கம் உண்டு. ‘வேன் எங்கே’ என்று பெயர். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. எழுதியவன் சிங்கப்பூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். போனவன் மகராசனாக இருக்கட்டும். ஆனால் அவன் விட்டுப்போன நிரலைத் திறக்கும்போதெல்லாம் நான் அவனுக்குச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

என் அலுவலகம் சோறும் கறியும் விற்கிற ஒரு நாசி கண்டார் கடைக்கு மேல்மாடி. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், மாமா என்று கூப்பிடுவேன். அறவாரியத்துக்கும் அவர்தான் தலைவர். நல்ல மனுஷர். நோன்பு மாதத்தில் மையத்துக்கு வருகிற எல்லாருக்கும், எந்தச் சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும், கஞ்சி அனுப்பிவைப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவரைப் பற்றி நான் பேசப்போவது கோபத்தில்.

சர்வர் சாகிற விதம் திடீரென்று இருக்காது. மெமரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்களே, இது அசையாமல் தின்கிற ரகம். நிரம்பும் நேரத்தில் பக்கம் உடனே விழுந்துவிட்டாலாவது பரவாயில்லை. விழாது. கடைசியாகக் காட்டிய இடத்தையே காட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கும். வேன் நகர்ந்துகொண்டிருக்கும், படத்தில் மட்டும் நகராது.

அது யாருக்கு என்ன செய்தது என்று எனக்கு ஒரு போன் வரும்வரை தெரியாது. பக்கத்தின் அடியில் உதவிக்கு என்று என் எண் இருந்தது. ஒருநாள் காலை ஓர் அக்கா கூப்பிட்டார்.

“தங்கச்சி, வேனு லகாட் சாப்பாட்டுக் கடகிட்டயே நிக்குது. ரொம்ப நேரமா எந்திரிக்கவே இல்ல. டிரைவரு அண்ணே ரொட்டி சானாய் சாப்புடுறாரா, என்னன்னு கேட்டுச் சொல்லேன்.”

வேன் ஓட்டுகிற அண்ணனைக் கூப்பிட்டேன். “அலாமாக், நான் அந்தச் சிம்பாங்குல நின்னு, ஹாரன் அடிச்சு, ஆளக் காணோமேன்னு எப்பவோ கெளம்பிட்டேன் தங்கச்சி. உள்ள மூணு பேரு ஒக்காந்திருக்காங்க. மையத்துல அவங்க நேரம் போயிடும்லா” என்றார். சிம்பாங் என்றால் சாலைப் பிரிவு.

அந்த அக்காவின் வீடு லகாட்டைத் தாண்டி ஒரு பழைய கித்தாத் தோட்டத்தில். கித்தா என்கிற ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் எல்லாரும் டவுனுக்குப் போய், லயத்து வரிசை வீடுகளில் சில குடும்பங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. உள்ளே போகிற செம்மண் சடக்கில் பாலம் உடைந்து கிடந்தது. வேன் ஏறாது. பெரிய சாலையின் சிம்பாங்கில்தான் நிற்கும். நோயாளியை யாராவது மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து அங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கால் வீங்கிய மனுஷனை வெயிலில் நிறுத்திக் காக்கவைக்க முடியாது. அதனால் வேன் லகாட்டைத் தாண்டுகிறதா என்று பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் அக்கா தன் கணவரைக் கிளப்புவார். பக்கம் நின்றுபோனால் கணவருடைய முறை போய்விடும்.

அன்றைக்குப் போனது. அடுத்த முறைக்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டதாம். டிரைவர் அண்ணன்தான் சொன்னார். “ஒரு தடவ தவறுனாலே தண்ணி ஏறிடும் தங்கச்சி. நெஞ்சுல ஏறுச்சுன்னா ஆளு காலி. எத்தன பேரப் பாத்திருக்கேன்.”

பிறகு மறுபடியும் ஒருநாள் அதே கதை. தலைவர் மாமா மேலே ஏறிவந்தார். அவர் மாடிப்படி ஏறி வந்தாலே ஏதோ வில்லங்கம்.

“இங்க பாரும்மா, ஒங்கிட்ட கோவிக்கல. அந்தத் தோட்டத்து ரூட்டுல ஆளு கொஞ்சம். அதுக்காக வேனு அவ்ளோ தூரம் போய், ஆளும் வராம, டவுன் ஆளுங்களுக்கும் லேட்டாயி, கமிட்டில சத்தம் போடுறாங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா அந்த ரூட்ட நிறுத்தச் சொல்லிருவாங்க.”

“மாமா, கொஞ்சம் டைம் குடுங்க. எங்க ஓட்டைன்னு கண்டுபுடிச்சிடுறேன்.”

“கண்டுபுடிம்மா, கண்டுபுடி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கண்டுபிடி என்பது வாயால் சொல்ல எளிது. பைத்தானில் பயன்படுத்திய மெமரியை நாமே எடுத்து வைக்க வேண்டியதில்லை. கீழே மாமா கடையில் சாப்பிட்டு எழுந்தவரின் தட்டைப் பையன்கள் வந்து எடுப்பது மாதிரி, யாரும் பிடித்துக்கொண்டிருக்காத பொருளை அதுவே எடுத்துவிடும். ஆனால் யாராவது ஒருவர் தட்டின் மேல் ஒரு விரலை வைத்திருந்தாலும் தொடாது. எங்கோ ஒரு விரல் இருந்தது. யார் விரல் என்றுதான் தெரியவில்லை.

ட்ரேஸ்மாலாக் என்று ஒரு கருவி பைத்தானுடனேயே வருகிறது. எந்த வரி எவ்வளவு மெமரியை எடுத்தது என்று ஒரு படம் பிடிக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு படம் பிடித்து, இரண்டையும் கழித்துப் பார்த்தால் எது வளர்ந்திருக்கிறது என்று தெரியும். பிடித்தேன். முதலில் லாக் எழுதுகிற பகுதி மேல் சந்தேகம். அதை நிறுத்தினேன், மெமரி ஏறியது. டேட்டாபேஸ் இணைப்பு மேல் சந்தேகம். அதை மாற்றினேன், ஏறியது. ஒரு லைப்ரரியைப் புதிய பதிப்புக்குக் கொண்டுபோனேன். மெமரி ஏறியதோடு, வேறு இரண்டு பக்கங்களும் உடைந்தன. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஒவ்வொரு தடவையும் திரையில் மெமரியைக் காட்டுகிற கோடு கொஞ்ச நேரம் தட்டையாகப் போய் என்னை ஆசைகாட்டிவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் மேலே கிளம்பியிருக்கும். அப்போது வருகிற ஆத்திரம் இருக்கிறதே, அந்தத் திரையைத் தூக்கிச் சன்னல் வழியாக மாமா கடை மீன் தலைக் கறியில் போட்டுவிடலாம் போல இருக்கும்.

கடைசியில் வளர்வது எது என்று பிடிபட்டது: வேன் இருக்கும் இடங்கள். ஒரு பக்கம் திறந்ததும் சர்வர் அதற்கென்று ஒரு சின்ன வரிசை போட்டுக்கொள்ளும். வேன் நகரும்போதெல்லாம் புது இடத்தை அந்த வரிசையில் போடும். பக்கம் எடுத்துப் படித்துக்கொள்ளும். எடுக்காமல் கிடந்த வரிசைகள் மலையாகக் குவிந்திருந்தன. அதாவது யாரோ பக்கத்தைத் திறந்துவிட்டு, படிக்காமல் ஓடிவிட்டார்கள். அதுவும் ஆயிரக்கணக்கில்.

ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்! பக்கத்தை மூடினால் வரிசையை நீக்குகிற நிரலும் இருந்தது. நானே சோதித்தேன். பொய்யான கைப்பேசிகளை உருவாக்கி, கூட்டங்கூட்டமாகத் திறக்கவைத்து மூடவைத்தேன். மெமரி அழகாக ஏறி, அழகாக இறங்கியது. என் மேசையில் அது பரமசாது.

டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டேன். “அண்ணே, நீங்க எத்தன போன்ல இந்தப் பக்கத்தத் தொறந்து வெச்சிருக்கீங்க?”

“ஏன்லா தங்கச்சி, இருக்கிற ஒரு போனே ரோசாக், பாதி நேரம் வேல செய்யாது. நீ வேற.”

பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நெடுநேரம் கழித்து அவரே கூப்பிட்டு, “நாங்க மூடவே மாட்டோம் தங்கச்சி. மூடுனா தொறக்க நேரமாவுது. கோயில்ல வெச்சா வெச்சபடி இருக்கும்” என்றார்.

மூடவே மாட்டார்கள் என்றால் ஆளுக்கு ஒரு வரிசைதானே இருக்க வேண்டும்? கைப்பேசியைக் கோயிலில் ஏன் வைக்கிறார்கள்? எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது. மறுநாள் காலை வேனில் டிரைவர் அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைத் தாண்டி, லகாட்டைத் தாண்டி, செம்பனைக்குள் போனோம். சிம்பாங்கில் அக்கா மோட்டாரோடு நின்றிருந்தார். ஓட்டி வந்தது அவர்தான். பின்னால் கணவர், மனைவியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வேட்டிக்குக் கீழே பானை மாதிரி வீங்கிய காலோடு. அன்றைக்குப் பக்கம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “கம்ப்யூட்டர் தங்கச்சியா? ஒங்களுக்குப் பெரிய தொந்தரவும்மா” என்றார். நானும் கும்பிட்டேன். அண்ணன் அவரைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினார். நான் அக்காவின் மோட்டாரில் ஏறி உள்ளே போனேன்.

லயத்துக்கு மேலே சிறு மேடு. அதில் முனியாண்டி கோயில். கோயில் என்றால் ஒரு சூலம், ஒரு சிமெண்டு மேடை, மேலே தகரம். சூலத்துக்குக் கீழே மேடையில் கைப்பேசிகள் வரிசையாகப் படுத்திருந்தன, கீறல் விழுந்தது, ரப்பர் வளையம் போட்டது என்று. தோட்டத்தில் லைன் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். அதனால் லயத்தில் இருக்கிற எல்லாரும் காலையில் குளித்துவிட்டு, ‘வேன் எங்கே’ பக்கத்தைத் திறந்து, கைப்பேசியை முனியாண்டி காலடியில் வைத்துவிட்டுப் போவார்கள். குரங்கு தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க முறைவைத்து ஒருவர் காவல். வேன் லகாட்டைத் தாண்டியதும் காவலுக்கு இருக்கிறவர் லயத்தைப் பார்த்து ஒரு கத்துக் கத்துவார். அக்கா மோட்டாரை உதைப்பார்.

“ரத்தம் கழுவப் போறவரு இவரு ஒருத்தருதானேக்கா? எதுக்கு எல்லாரோட போனும்?”

“ஒன்னு நின்னுபோச்சுன்னா இன்னொன்னு காட்டும்ல தங்கச்சி. அதுக்குத்தான் எல்லாரும் வெச்சுக் குடுக்கிறாங்க. முன்னாடி ரெண்டு தடவ நின்னுபோனதுலேர்ந்து பக்கத்து லயத்துக்காரங்களும் கொண்டாந்து வெக்கிறாங்க.”

நான் ஒரு கைப்பேசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். எதிரே சுண்ணாம்பு மலை. லைன் இரண்டு கோடு காட்டியது, ஒரு கோடு ஆனது, காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. வந்ததும் பக்கம் தன்னைத் தானே புதிதாகத் திறந்துகொண்டது. மறுபடி போனது. மறுபடி வந்தது. மேடையில் இருந்த எல்லாக் கைப்பேசிகளும் நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருந்தன.

தலையில் அடித்துக்கொண்டேன். நம் ஆட்கள் “போயிட்டு வாரேன்” என்று சொல்லாமல் படி இறங்க மாட்டார்கள். சிங்கப்பூர்க்காரன் எல்லாக் கைப்பேசியும் அப்படி மரியாதை தெரிந்தது என்று நினைத்து எழுதியிருந்தான். பக்கம் மூடும்போது “போகிறேன்” என்று ஒரு செய்தி அனுப்பும். அது வந்தால்தான் சர்வர் வரிசையை நீக்கும். லைன் அறுந்து போகிற கைப்பேசி எங்கே சொல்லிக்கொண்டு போகும்? சொல்லாமல் போய், புது ஆளாகத் திரும்பி வந்தது. பழைய ஆளுக்கென்று போட்ட வரிசையில் சர்வர் வேன் இருக்கும் இடத்தைப் போட்டுக்கொண்டே இருந்தது, படிக்க யாரும் இல்லாமல். பக்கம் நின்றுபோகிறது என்று பயந்து இவர்கள் கைப்பேசிகளைக் கூட்டக் கூட்ட, சர்வர் சீக்கிரமாகச் செத்தது. அது சீக்கிரமாகச் செத்ததால் இவர்கள் இன்னும் கூட்டினார்கள். அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“கண்டுபுடிச்சிட்டேன்க்கா. இனிமே நிக்காது” என்று மட்டும் சொன்னேன்.

“முனியாண்டி ஒன்ன நல்லா வெப்பாரு” என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டார்.

அன்றே திருத்தினேன். சில வரிகள்தான். ஆள் சொல்லிவிட்டுப் போனாலும் சொல்லாமல் போனாலும் வரிசையை எடுத்துவிடு. வரிசை ஓர் அளவுக்கு மேல் நீண்டால் பழையதைத் தூக்கிப் போடு. அவ்வப்போது “இருக்கியா?” என்று கேள், பதில் இல்லையென்றால் ஆள் இல்லை. என் கைப்பேசியின் லைனைத் துண்டித்துத் துண்டித்துச் சோதித்தேன். வேலை செய்தது. சர்வரில் ஏற்றினேன்.

மெமரிக் கோடு தட்டையாகப் போனது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், தட்டை. மறுநாள் தட்டை. அதற்கு அடுத்த நாளும் தரையில் பாய் விரித்தது போலப் படுத்துக் கிடந்தது. குழுவில் யாரும் “மாத்தி” போடவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையிலேயே நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆடினேன். அந்த வாரம் முழுக்கப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சிரித்தேன், வங்கியில் வரிசையை முறித்து உள்ளே புகுந்தவனிடம்கூட.

வார முடிவில் கீழே கடையில் டிரைவர் அண்ணன் தே தாரே குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“பாத்தீங்களாண்ணே? நிக்கவே இல்ல. சரி பண்ணிட்டேன்!”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஒனக்குத் தெரியாதா தங்கச்சி? தோட்டத்து ரூட்ட நிறுத்திட்டாங்களே. நீ என்கூட வந்துட்டுப் போனதுக்கு மறுநாள்லேர்ந்து நான் அந்தப் பக்கமே போறதில்ல.”

கோடு தட்டையானதற்குக் காரணம் நான் இல்லை. வேன் வராத பக்கத்தை யார் திறப்பார்கள்? கோயில் மேட்டிலிருந்த கைப்பேசிகளை எல்லாரும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். லைன் அறுந்து போக அங்கே கைப்பேசியே இல்லை.

நேரே கல்லாவுக்குப் போனேன். “மாமா, டைம் குடுக்கிறேன்னு சொன்னீங்கல்ல?” என் குரல் உயர்ந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“குடுக்கிறேன்னு நான் சொல்லலம்மா, கண்டுபுடின்னு சொன்னேன். கமிட்டில முடிவாயிடுச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“நீ கம்ப்யூட்டர் பாக்குற பொண்ணு. ரூட்டு சமாச்சாரத்த ஒங்கிட்ட சொல்லணும்னு யாருக்கும் தோணல.” அவர் முகம் உண்மையிலேயே வாடியிருந்தது. “நான் என்ன கல்நெஞ்சுக்காரனா? இருக்கிறது ஒரு வேனு. டவுன்ல காத்துக்கிட்டு இருக்கிறவங்க பேரச் சொல்லி என்னயக் கேக்கிறாங்க. நான் என்னத்தச் சொல்ல?”

“இப்ப சரியாயிடுச்சு மாமா. திரும்பப் போகச் சொல்லுங்க.”

“வேனுல அவங்க எடத்துக்கு வேற ஆளு போட்டாச்சும்மா.”

நான் எதையோ சொல்லித் திட்டிவிட்டு மேலே போனேன். அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மாலையில் அவரே கூப்பிட்டார், காற்றுச் சத்தத்துக்கு நடுவில், அந்த மேட்டில் ஏறி நின்றுகொண்டு.

“சொன்னாங்க தங்கச்சி. வேனு இனிமே வராதாம். இதோட ரெண்டு தடவ கழுவாமப் போச்சு.”

“கமுந்திங் டவுன்ல ஒங்க மகன் இருக்காருன்னு அன்னைக்கு மோட்டார்ல போறப்ப சொன்னீங்கல்ல? அவர்கூட தங்கி அங்க இருக்கிற மையத்துல கழுவிக்கலாம்லக்கா?”

“கேட்டோம். அங்க எடம் இல்லியாம், காத்திருக்கணுமாம். அவனும் ஷிப்டு வேலைக்குப் போறவன். அவன் வீட்டுல நாங்க எங்க படுக்கிறது?”

“அப்போ நான் கார எடுத்துக்கிட்டு வாரேன்க்கா. நானே கூட்டிட்டுப் போறேன்.”

“கேக்கிறேன் இரு” என்றார். பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. காற்றுதான் கேட்டது. “இல்ல தங்கச்சி. ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாரு. இனிமே கழுவப் போகலியாம். ‘எத்தன நாளைக்கு எல்லாரையும் காக்க வெக்கிறது’ன்னு கேக்கிறாரு. நானும் அழுது பாத்துட்டேன். காலையில எந்திரிச்சு, இனிமே மோட்டார எடுக்க வேணாம்னு சாவிய வாங்கித் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டாரு.”

எனக்கு அழுகை வந்தது. கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு மனுஷனை உயிரோடு வைத்திருக்க அவ்வளவு பேர் கைப்பேசியைக் கொண்டுவந்து வைத்தார்கள், நான் அவ்வளவு வரிகளைத் தோண்டினேன், கடைசியில் ஒருவராலும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா லைன் போய்விட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்றார்.

“இருக்கேன்க்கா.”

“தங்கச்சி, அந்த வேன் பக்கம் இப்ப சரியாயிடுச்சா?”

“சரியாயிடுச்சுக்கா.”

“நல்லது. மத்தவங்களுக்காச்சும் ஒதவும்.”

மற்றவர்கள் எல்லாரும் டவுனில் இருக்கிறவர்கள். வேன் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை அவர்களில் ஒருவருக்கும் கிடையாது.

“ஆமாக்கா” என்றேன்.